முதுகில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

"டிரிப்ஸோட ஆஸ்பத்திரியிலேர்ந்து தப்பிச்சு ஓடி வந்த பேஷன்ட் மாதிரியே இருக்கீங்க!"

முதுகில் ரெண்டு லிட்டர் தண்ணீர்ப் பையும் தோளைச் சுற்றி வரும் குழாயுமாக நான் கண்ணாடி முன்னால் நின்றபோது என் மனைவி வாசித்த வாழ்த்துப்பா இது. கோபம்தான் வந்தது. அப்புறம் விசாரித்ததில், அவள் சொன்னது சரித்திரபூர்வமான உண்மை என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

1980-களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில், கொளுத்தும் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் 100 மைல் சைக்கிள் பயணத்தில் மைக்கேல் எய்ட்ஸன் என்பவர் கலந்துகொண்டார். மருத்துவ அவசர உதவியாளராக இருந்தவர். வழியில் தண்ணீர் கிடைப்பது துர்லபம் என்று, டிரிப்ஸ் பையிலேயே தண்ணீரை நிரப்பி, அதை ஒரு நீள சாக்ஸுக்குள் திணித்து, பனியனின் முதுகில் குத்திக்கொண்டார். குழாயைத் தோள் வழியாக முன்னால் இழுத்து, துணி காயப்போடும் கிளிப்பால் அடைத்துவிட்டார். இந்தக் கோமாளி வேஷத்திலிருந்துதான் 1989-ல் 'கேமல்பேக்' கம்பெனி பிறந்தது. பேர் ஒட்டகத்துடையது. ஆனால் ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை சார், கொழுப்பு. அந்த வசதி எனக்கு ஏற்கெனவே வயிற்றில் இருக்கிறது.

சரி, எனக்கு எதற்கு இந்தப் பை? எங்கள் செக்‌ஷன் பையன்கள் ஐந்து பேர் வெள்ளியங்கிரி மலை ஏறக் கிளம்பினார்கள். "சார், நீங்களும் வாங்க" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் மரியாதைக்குக் கேட்பதையெல்லாம் நிஜமென்று நம்புவது என் சுபாவம். ஒப்புக்கொண்டுவிட்டேன்.

வாங்கின அன்றைக்கே தண்ணீர் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சினேன். புது ரப்பர் செருப்பை ஊறவைத்துக் குடித்த மாதிரி இருந்தது. இதற்கு வைத்தியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. லிட்டருக்கு ரெண்டு பெரிய ஸ்பூன் சமையல் சோடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பையில் ஊற்றி, அரை மணி ஊறவைத்து, ரெண்டு மூன்று தரம் அலசினால் வாசனை பெரும்பாலும் போய்விடும். கொதிக்கிற தண்ணீர் மட்டும் கூடாது. பையே சுருங்கிப்போகலாம்.

அடுத்த ஆட்சேபணை அம்மாவிடமிருந்து. "கருமம், இதை எச்சில் பண்ணாம குடிக்கவே முடியாதாடா?" முடியாதுதான். தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து குடித்துப் பழகிய நமக்கு இது ஒரு கலாசார அதிர்ச்சி. குழாயின் நுனியில் ஒரு ரப்பர் மூக்கு இருக்கிறது. பல்லால் லேசாகக் கடித்து உறிஞ்சினால்தான் தண்ணீர் வரும். விட்டால் நின்றுவிடும். 'ஒரு வாய் குடுங்க சார்' என்று ஆபீஸே வரிசையில் வந்தால் எல்லார் வாயும் அதில்தான்.

ராத்திரி கோவை பஸ். தண்ணீரை நிரப்பிய பையை மேலே லக்கேஜ் கம்பியில் வைத்தேன். விழுப்புரம் தாண்டியதும் யாரோ ஒரு புண்ணியவான் தன் சூட்கேஸை அதன்மேல் தள்ளியிருக்கிறார். ரப்பர் மூக்கு நசுங்கிக்கொண்டு, கீழே உட்கார்ந்திருந்த பெரியவரின் வழுக்கையில் சொட்டுச் சொட்டாக அபிஷேகம். அவர் நிதானமாக அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, மேலே குழந்தை யாராவது படுத்திருக்கா?"

மூக்குக்குப் பக்கத்திலேயே ஒரு பூட்டு இருந்ததை அப்புறம்தான் கண்டுபிடித்தேன். பயணத்தில் அதை மூடி வைக்கவேண்டும். நிரப்பியதும் பையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே இருக்கும் காற்றையும் உறிஞ்சி எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அடிக்கு அடி முதுகில் 'களக் களக்' என்று இளநீர் வண்டி மாதிரி சத்தம் போடும்.

வெள்ளியங்கிரி தெரியுமல்லவா? கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை. போக மட்டும் சுமார் 6 கிலோமீட்டர். உச்சி கிட்டத்தட்ட 6,000 அடி. பிப்ரவரியிலிருந்து மே வரை சீசன். வெயிலுக்குப் பயந்து பலரும் ராத்திரியில் ஏறுகிறார்கள். நாங்களும் டார்ச், மூங்கில் தடியோடு ஏறினோம். வழியில் கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று தண்ணீர் கிடைக்கும் இடங்கள் உண்டு.

ஏறும்போது நான்தான் ராஜா. மற்றவர்கள் நின்று, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, பாட்டிலைத் தேடி, மூடியைத் தொலைத்து அவஸ்தைப்பட்டார்கள். நான் நடந்துகொண்டே உறிஞ்சினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய். இந்தப் பையின் நிஜமான சௌகரியமே அதுதான். தாகம் எடுத்துத் தவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மடமடவென்று அரை லிட்டர் குடித்து வயிறு உப்பவும் வேண்டாம்.

எங்கள் கோஷ்டியிலேயே திடகாத்திரமான பையன் ஒருத்தன். இருபத்தஞ்சு வயசு, தினமும் ஜிம். அவன் கொண்டுவந்தது அரை லிட்டர் பாட்டில் ஒன்றே ஒன்று. "வெயிட் கம்மியா இருந்தா வேகமா ஏறலாம் சார்." வேகமாகத்தான் ஏறினான்.

தரிசனம் முடிந்து இறங்கும்போது மணி ஒன்பதரை. ஆண்டிச் சுனையில் கூட்டம். "சார், தண்ணி பிடிச்சுக்கலாமா?" என்று ஒருத்தன் கேட்டான். நான் முதுகை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தேன். நல்ல கனம். "என்கிட்ட நிறைய இருக்கு, வாங்கப்பா" என்று தலைவர் பாணியில் கையை ஆட்டினேன்.

ஐந்தாவது மலை. புல்வெளி, மர நிழல் இல்லை. வெயில் சுள்ளென்று ஏறியது. ஜிம் பையன் திடீரென்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகம் வெளிறிவிட்டது. "சார்... கண்ணைக் கட்டுது." ராத்திரியிலிருந்து அவன் குடித்தது அந்த அரை லிட்டரும், சுனையில் ரெண்டு கையளவும்தான்.

நான் பெருமையோடு குழாயை நீட்டினேன். உறிஞ்சினான்.

கொர்ர்ர்...

காற்று. வெறும் காற்று. பையைத் திறந்து பார்த்தால் அடியில் ரெண்டு ஸ்பூன் தண்ணீர். நான் தூக்கிப் பார்த்துப் பூரித்த கனமெல்லாம் ஸ்வெட்டரும் உச்சியில் நனைந்த துண்டும்தான்! ராத்திரி முழுக்க ராஜா மாதிரி உறிஞ்சியதில் ரெண்டு லிட்டரும் எப்போது தீர்ந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் பாட்டிலும் காலி. என்னை நம்பி, சார்!

பையன் கண் செருகுகிறது. இவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ரெண்டு பேர் சுனைக்குத் திரும்பி ஓடினார்கள்.

அப்போது இறங்கி வந்தார் ஒரு பெரியவர். செருப்பில்லாத கால், மூங்கில் தடி, தோளில் மஞ்சள் பை. ஒரு பார்வை பார்த்தார். "பாறை நெழலுக்குத் தூக்குங்க கண்ணு" என்றார். சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, நான் சுமந்த அந்த ஈரத் துண்டையே வாங்கிக் கழுத்தில் போட்டார். பிறகு மஞ்சள் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் பாட்டில். உள்ளே உப்பும் எலுமிச்சையும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட தண்ணீர். "வெடுக்குனு குடிக்காதே சாமி. கொஞ்சம் கொஞ்சமா" என்று, உதட்டில் படாமல், தானே ஊற்றினார். அரை மணியில் பையன் முகத்தில் ரத்தம் வந்தது.

கிளம்புமுன் என் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா தண்ணிய முதுகுக்குப் பின்னால வெச்சுப்போட்டா, மிச்சம் எவ்வளவுன்னு எப்படிங்க தெரியும்?"

இதைவிடக் கச்சிதமாக இந்தப் பையின் குறையைச் சொல்லவே முடியாது. அதனால் இப்போது எனக்குச் சில சட்டங்கள். ஒவ்வொரு முறை தண்ணீரைப் பார்க்கும்போதும் பையை வெளியே எடுத்துக் கண்ணால் பார்ப்பது. தூக்கிப் பார்த்து நம்புவதில்லை. ரெண்டாவது, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அதற்காகத் தாகமே இல்லாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதும் ஆபத்து. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. அளவுக்கு மேல் குடித்தது அதற்கு முக்கிய காரணம். பெரியவருக்கு இந்த ஆராய்ச்சி தெரிந்திருக்க நியாயமில்லை. உப்பு போடத் தெரிந்திருந்தது.

கதை இன்னும் முடியவில்லை. இறங்கியதும் அடிவாரத்தில் பையில் குளுக்கோஸ் கரைத்துக் குடித்தேன். மிச்சத்தோடு பரண்மேல் போட்டேன். மூன்று வாரம் கழித்து எடுத்தால், குழாய்க்குள் கறுப்பாக ஒரு விவசாயமே நடந்திருந்தது. எச்சில், சர்க்கரை, ஈரம், இருட்டு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே இனிப்பு, எலுமிச்சை, ஓ.ஆர்.எஸ். எதுவானாலும் தனி பாட்டிலில். பையில் வெறும் தண்ணீர் மட்டும். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ரப்பர் மூக்கைக் கழற்றித் தனியே தேயுங்கள். குழாயைத் தேய்க்க மெல்லிய நீளப் பிரஷ் கிடைக்கிறது. இல்லையென்றால் பைஜாமாவுக்கு நாடா கோக்கிற வித்தைதான்: ஒரு நூலை உள்ளே விட்டு, நுனியில் சின்னத் துணி கட்டி இழுக்கவேண்டியது. அப்படியும் கறுப்பு போகவில்லையென்றால் குழாயை மாற்றிவிடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். பையின் வாய் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே ஒரு கரண்டியைச் செருகித் தலைகீழாகத் தொங்கவிட்டால் நன்றாகக் காயும்.

முழுசாகக் காயவைக்கச் சோம்பலா? வடித்துவிட்டு ஃப்ரீஸரில் வைத்துவிடலாம். அந்தக் குளிரில் பூஞ்சை வளராது. ஒன்று, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. ஐஸ் எடுக்கப் போன அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து போர்ஷன்காரர்கள் வந்துவிட்டார்கள். "ஏண்டா, ரத்தப் பையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வருவியா?"

அடுத்த மாசம் மறுபடியும் மலைக்குக் கிளம்புகிறோம். ஜிம் பையனும் புதுசாகப் பை வாங்கிவிட்டான், மூன்று லிட்டர். என் முதுகில் அதே பழைய பை, புதுக் குழாய். பக்கத்துப் பாக்கெட்டில் மட்டும் ஓர் எவர்சில்வர் பாட்டில் சேர்ந்திருக்கிறது. உப்பு, எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை.

அது எனக்கு இல்லை.