எட்டடி தூரம்

டெல்லி முனிர்காவில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஜன்னலோரம் என் பழைய டெஸ்க்டாப், சாப்பாட்டு மேஜையில் மனைவியின் புது லேப்டாப். இரண்டுக்கும் நடுவே சரியாக எட்டடி. டேப் வைத்து அளந்துவிட்டேன். கோபம் வந்த மனுஷன் எதையாவது அளக்கத்தானே செய்வான்!

அப்பா 1960களில் கரோல்பாகிலிருந்து கும்பகோணத்துக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்களை ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருக்கிறேன். ஏறக்குறைய முந்நூறு. "உங்கப்பா கையெழுத்து எனக்குத்தான் புரியும், நான் டைப் பண்ணித் தரேன்" என்றாள் மனைவி. நல்ல மனசு. அந்த மனசு தீபாவளிக்கு வந்தது. இப்போது டிசம்பர் பாதி தாண்டிவிட்டது. கடிதங்கள் இன்னும் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

வினை நானே தேடிக்கொண்டதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய என் பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது. அது கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸரும் பழசு. நன்றாக உழைக்கிற மாட்டை அடிமாட்டுக்கு அனுப்ப மனசு வராமல் லினக்ஸ் மின்ட் போட்டேன். கிழவனுக்குக் கல்யாணக் களை வந்த மாதிரி ஓடுகிறது. பக்கத்து மேஜையோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை.

லேப்டாப்பில் 'நெட்வொர்க்' என்பதைத் திறந்தால் காலி. டெஸ்க்டாப்பின் பெயரே இல்லை. முன்பெல்லாம் வீட்டிலிருக்கிற கம்ப்யூட்டர்கள் அங்கே கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். என்ன ஆயிற்று என்று துருவிக்கொண்டே போனால் கதை 2017 மே மாதத்தில் போய் நிற்கிறது. வானாக்ரை என்ற நாசகார நிரல், எஸ்எம்பி என்கிற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, இங்கிலாந்து மருத்துவமனைகள்வரை முடக்கிப்போட்டது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதன்பின் விண்டோஸ் அந்த முதல் பதிப்பைத் தானாக நிறுவுவதை விட்டது. லினக்ஸ் பக்கத்தில் அதே வேலையைச் செய்கிற சாம்பா என்ற நிரலும் 2019இல் அதை அணைத்து வைத்தது. பந்தியில் பெயர் காட்டிய பழைய ஏற்பாடு அந்த முதல் பதிப்பைத் தொற்றிக்கொண்டு இருந்த ஒன்று. அதுவும் சேர்ந்து போய்விட்டது. புது ஏற்பாடு இருக்கிறது, அதற்கு லினக்ஸில் தனியாக ஒரு குட்டி நிரல் போடவேண்டும்.

போட்டது நியாயமான பூட்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாசலில் பூட்டை மாற்றினால் "மாற்றியிருக்கிறேன்" என்று ஒரு சீட்டு ஒட்டக் கூடாதா? 'நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை' என்று ஒரு வரி, கீழே 80070035 என்று முடிகிற ஒரு எண். பாதை எட்டடிதான் ஐயா, நடந்தே காட்டுகிறேன்!

நேரு பிளேஸிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டேன். "ஹோ ஜாயேகா, அங்கிள்ஜீ." டெல்லியில் இந்த 'ஆகிவிடும்' வாக்கியத்தைக் கேட்டதும் நான் ஜாக்கிரதையாகிவிடுவேன், ஆனாலும் டீ கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஃபயர்வாலை அணைத்தான், ஐந்நூறு வாங்கிக்கொண்டான், போய்விட்டான். கதவு திறக்கவில்லை என்றால் சுவரை இடிக்கிற வைத்தியம். அவன் படியிறங்குவதற்குள் மறுபடி ஃபயர்வாலைப் போட்டேன்.

பெங்களூரில் இருக்கும் தங்கை பையன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தான். "மாமா, பேரைத் தேடாதீங்க, அட்ரஸை அடிங்க" என்றான். 192.168.1.7 என்று அடித்தேன். கதவு தட்டுப்பட்டது! ஆனால் பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன், தவறு என்றது. அது நான் தினமும் லினக்ஸில் நுழைகிற பாஸ்வேர்டு. சாம்பாவுக்குத் தனியாக இன்னொன்று வைக்கவேண்டுமாம். சரி, பாஸ்வேர்டே வேண்டாம், விருந்தாளியாக விடு என்று அமைத்தால், விண்டோஸ் 11 ப்ரோவின் 2024 வெளியீட்டுக்குப் பிறகு விருந்தாளிகளை அது ஏற்பதில்லை. போதாக்குறைக்கு, புது லேப்டாப்பை முதலில் வைஃபையில் சேர்த்தபோது 'பப்ளிக்' என்று இருந்ததை நான் மாற்றாமலே விட்டிருக்கிறேன். எங்கள் ஹாலை அது புது டெல்லி ரயில்வே ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இது முழுக்க என் கைங்கரியம், ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கமாகப் போனால் என்ன, லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவைத்து லினக்ஸிலிருந்து அதில் கொட்டிவிடலாமே என்று பார்த்தேன். லினக்ஸ் பவ்யமாகக் கேட்டது: பயனர் பெயர், பாஸ்வேர்டு.

"உன் பாஸ்வேர்டு என்ன?"

"நாலு நம்பர்தானே, தினம் அதைத்தான் போடறேன்."

"அது பின். அந்த மெஷினுக்குள்ளே மட்டும்தான் செல்லும். பாஸ்வேர்டு வேற."

"அதை எப்ப வெச்சேன்?"

இதற்கு என்ன பதில் சொல்ல? வாங்கிய அன்று கணக்குத் திறக்க ஏதோ ஒன்று வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு எந்த நாளும் அது தேவைப்படவில்லை. மறக்கவைத்துவிட்டு அதையே கேட்பதில் ஒரு வாத்தியார்தனம் இருக்கிறது.

சாம்பா என்ற பெயர் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. 1991 கடைசியில் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், டாஸ் கம்ப்யூட்டரையும் யுனிக்ஸ் கம்ப்யூட்டரையும் பேசவைக்க, கம்பியில் போகிறவற்றை ஒட்டுக்கேட்டே அந்த பாஷையைப் புரிந்துகொண்டு எழுதிய நிரல் அது. முதலில் வைத்த பெயர் வேறொருவருடையதாகிப் போக, எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வருகிற சொல்லை அகராதிக் கோப்பில் தேடி 'சாம்பா'வைப் பிடித்தார். ஒட்டுக்கேட்காமல் முறையாக ஆவணங்கள் கைக்கு வர, 2004இல் விண்டோஸ்காரர்களுக்கு ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டு, 2007இல் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அதன் பிறகு பத்தாயிரம் யூரோ கட்டவேண்டியிருந்தது. ஐரோப்பாவே மெனக்கெட்ட விஷயத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஜெயிக்கப் பார்த்தது பேராசைதான். 2023இல் நம் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக்கொண்ட 'மாயா'வுக்கு மாறப்போவதாகப் படித்தபோது கைதட்டினேன். இப்போது, அங்கே பக்கத்து மேஜைக்குக் கோப்பு எப்படிப் போகிறது என்பதுதான் என் கவலை.

"பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி, நாலாவது தடவையாக. கொடுத்திருக்கலாம். மானப் பிரச்சினை என்பது ஆண்களுக்கு இப்படித்தான் வருகிறது.

நேற்று ராத்திரி பத்தரைக்குத் திறந்துவிட்டது. 'பிரைவேட்' என்று மாற்றி, சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்டு வைத்து, லினக்ஸ் ஃபயர்வாலில் 445ஆம் போர்ட்டை வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் விட்டு, பெங்களூர் குரல் சொல்லச்சொல்லச் செய்தேன். லேப்டாப்பில் ஃபோல்டர் வந்து நின்றது. "வந்துடுத்து!" என்று கத்தினேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இதுல உங்கப்பா லெட்டர் எது?"

'1967 தை: மாட்டுப் பொங்கல்' என்று அழகாக, முக்காற்புள்ளி வைத்துப் பெயரிட்டிருந்தேன். லினக்ஸுக்கு அதில் ஆட்சேபமில்லை. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி ஆகாது. ஆகவே சாம்பா என் முந்நூறு தலைப்புகளையும் ஆங்கில எழுத்து, எண், அலைக்குறி கலந்த எட்டெழுத்துச் சங்கேதமாக மாற்றிக் காட்டியிருந்தது. எல்லாம் ஒரே ஜாடை, நம்பர் பிளேட் மாதிரி.

ஒவ்வொன்றாக முக்காற்புள்ளியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொன்று முடிந்திருக்கிறது. இந்தக் குளிரில் ரூம் ஹீட்டரும் கீசரும் சேர்ந்தால் எம்சிபி விழும், ரவுட்டர் அணைந்து எழும், 7 என்பது 9 ஆகிவிடும். அட்ரஸை நிலையாக வைப்பதை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கை பையன் சொல்லியிருக்கிறான்.

உள்ளேயிருந்து குரல்: "என்னங்க, கீசர் போடட்டுமா?"