பேட்ச் நேரத்தைக் கேட்டு வாங்குவோம், தோழர்களே!

உங்கள் பொறுப்பில் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ ஏழாம் பதிப்பில் ஓடும் ஹோஸ்ட் ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் அதன் பில்ட் எண்ணை எடுத்துக் குறித்து வையுங்கள். அந்தப் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முதலில் ஏப்ரல் 2 என்றுதான் சொல்லியிருந்தார்கள். பிறகு ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். அந்த ஆறு மாதத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "டவுன்டைம் தரமாட்டேன் என்கிறார்கள்." இது சாக்கு இல்லை, உண்மை. இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகத்தான் உங்களை அழைக்கிறேன்.

2023 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை. வார இறுதி தொடங்கும் நேரம். பிரான்ஸ் அரசின் கணினி அவசர உதவி அமைப்பான செர்ட்-எஃப்ஆர் ஓர் எச்சரிக்கை விடுத்தது: இணையத்துக்குத் திறந்து கிடக்கும் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களைக் கூட்டம் கூட்டமாகத் தாக்குகிறார்கள். ஹோஸ்டுக்குள் நுழைந்த நிரல், ஓடிக்கொண்டிருந்த விஎம்களை முதலில் நிறுத்தியது. ஓடும் விஎம்மின் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும், நிறுத்தினால்தானே கைவைக்க முடியும். பிறகு விஎம்எக்ஸ், விஎம்டிகே கோப்புகளைக் குறியாக்கியது. கோப்புக்குக் கோப்பு பக்கத்தில் 'ஆர்க்ஸ்' என்று முடியும் ஒரு சின்னக் கோப்பை வைத்துவிட்டுப் போனது. இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது. சில நாள்களில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுக்க 3,800-க்கும் மேற்பட்ட சர்வர்கள் சிக்கியதாகச் சொன்னது.

அவர்கள் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட வழிதான் நம்மை உறுத்த வேண்டியது. எஸ்எல்பி சேவை, 427-ஆம் போர்ட், சிவிஇ-2021-21974. அதற்கான பேட்ச் வெளியானது 2021 பிப்ரவரி 23. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்! அந்தச் சேவை நம்மில் பலருக்குத் தேவையே இல்லை. ஏழாம் பதிப்பின் அப்டேட் 2சி முதல் விஎம்வேரே அதை அணைத்துத்தான் அனுப்பியது. பேட்ச் போட நேரம் கிடைக்காதவர்கள்கூட அந்தச் சேவையை நிறுத்திவிட்டுப் போர்ட்டை ஃபயர்வாலில் மூடியிருக்கலாம். சில நிமிட வேலை.

அப்போது நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது நம் பெருமை. முதல் அலையில் குறியாக்கம் சின்னக் கோப்புகளைச் சிதைத்ததே தவிர, உண்மையான தரவு இருக்கும் 'ஃப்ளாட்' கோப்புகளைப் பெரும்பாலும் தொடாமல் விட்டிருந்தது. இதைக் கவனித்த சுயேச்சை ஆய்வாளர்கள், ஃப்ளாட் கோப்பின் அளவைப் பார்த்து விஎம்டிகே விளக்கக் கோப்பை மறுபடி எழுதும் வழியைக் கண்டுபிடித்துப் பொதுவில் வைத்தார்கள். பிப்ரவரி 7-ஆம் தேதி சிசா அதையே ஸ்கிரிப்டாக்கி எல்லோருக்கும் கொடுத்தது. தாக்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. ஓரிரு நாளில் குறியாக்க முறையை மாற்றினார்கள், அதன் பிறகு சிக்கியவர்களுக்கு அந்த ஸ்கிரிப்ட் உதவவில்லை. தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னதால் பிழைத்த சர்வர்கள் அந்த இடைவெளியில் பிழைத்தவைதான்.

"பேட்ச் போட்டால் மட்டும் நிம்மதியா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதே 2023 பிப்ரவரியில், 14-ஆம் தேதி, விண்டோஸ் சர்வர் 2022-க்கு கேபி5022842 வந்தது. அதைப் போட்டுவிட்டு ரீபூட் செய்தபோது, இஎஸ்எக்ஸ்ஐ ஏழில் செக்யூர் பூட்டோடு இருந்த விஎம்கள் எழுந்திருக்க மறுத்தன. பேட்சை நீக்கினாலும் சரியாகவில்லை. விஎம்மின் லாகைத் திறந்தவர்களுக்குத்தான் செக்யூர் பூட் படிமத்தை ஏற்க மறுத்தது தெரிந்தது. ஒரு வாரத்தில் விஎம்வேர் அப்டேட் 3கே வெளியிட்டுச் சரிசெய்தது. ஆக அந்த மாதம் பேட்ச் போடாதவரும் அடி வாங்கினார், போட்டவரும் வாங்கினார். ஆனால் செக்யூர் பூட்டை அணைத்ததும் போட்டவருடைய விஎம் எழுந்துவிட்டது. போடாதவருடையதற்குப் பிணைப்பணம் கேட்டார்கள்.

விற்பவர்களின் தவறுகளை நாம் மறக்கவும் வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். 2008 ஆகஸ்ட் 12 நினைவிருக்கிறதா? இஎஸ்எக்ஸ் 3.5 அப்டேட் 2-க்குள் எடுக்க மறந்த காலாவதித் தேதி ஒன்று கிடந்தது. அன்று காலை உலகெங்கும் அணைந்திருந்த விஎம்களை மறுபடி ஏற்ற முடியவில்லை. ஹோஸ்டின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்துச் சமாளித்தோம். 2021 நவம்பரில் ஏழாம் பதிப்பின் அப்டேட் 3 வரிசையை வெளியிட்டவர்களே திரும்பப் பெற்றார்கள். 3சி வர 2022 ஜனவரி இறுதி ஆனது. 2024 செப்டம்பரில் விசென்டரின் சிவிஇ-2024-38812 ஓட்டையை அடைத்தோம் என்றார்கள். முழுதாக அடைபடவில்லை என்று அக்டோபரில் இன்னொரு பேட்ச். ஹைப்பர்-விக்கு ஓடினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் 2022 ஜனவரியைப் பாருங்கள்: மாதாந்தரப் பேட்ச் போட்ட விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஹோஸ்ட்களில் ஹைப்பர்வைசரே கிளம்பவில்லை.

ஆகவே பயப்படும் தோழரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல வேண்டாம். பட்டவர்தான் பயப்படுவார். ஆனால் பயத்துக்கு மருந்து தள்ளிப்போடுவதில் இல்லை. சோதிக்க ஒரு ஹோஸ்ட், திரும்பிவர ஒரு வழி, வேலை செய்ய நேரம், இந்த மூன்றையும் கேட்டு வாங்குவதில் இருக்கிறது. மூன்றும் நிர்வாகம் தரவேண்டியவை.

நேரம் ஏன் கிடைப்பதில்லை? கிளஸ்டரில் ஒரு ஹோஸ்டைக் காலி செய்தால் அதன் விஎம்களை மற்ற ஹோஸ்ட்கள் தாங்க வேண்டும். தாங்க இடம் இருந்தால் வி-மோஷனில் நகர்த்திவிட்டுப் பட்டப்பகலில் பேட்ச் போடலாம், பயனருக்குத் தெரியவே தெரியாது. இடம் இல்லாமல் போவது எப்படி? வாங்கும்போதே கடைசி ஜிபி வரை விற்றுவிடுகிறார்கள், "இன்னும் நாலு விஎம் மட்டும்" என்று அட்மிஷன் கன்ட்ரோலை அணைக்கச் சொல்கிறார்கள், நாமும் அணைக்கிறோம். அந்த டிக் நீக்கப்படும் அன்றே வருங்கால டவுன்டைமும் பறிபோகிறது. அடுத்த முறை அப்படிக் கேட்டால், இதனால் எந்தக் கிளஸ்டரை இனிப் பகலில் பேட்ச் செய்ய முடியாது என்று எழுதி, கேட்டவரின் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள்.

இடம் இருந்தும் ஹோஸ்ட் மெயின்டனன்ஸ் மோடுக்குள் போகாமல் அடம்பிடிக்கும் இரவுகள் உண்டு. யாரோ எப்போதோ லோக்கல் டேட்டாஸ்டோரிலிருந்து மாட்டிவிட்டுப் போன ஐஎஸ்ஓ. பாதியில் நிற்கும் விஎம்வேர் டூல்ஸ் நிறுவல். இந்த ஹோஸ்டை விட்டு நகரவே கூடாது என்று போட்ட டிஆர்எஸ் விதி. இவற்றை முதல் நாள் மாலையே தேடி எடுத்துவிட்டால் இரவு இரண்டு மணிக்குக் கத்த வேண்டியதில்லை.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் விசென்டர், பிறகு ஹோஸ்ட், அதன் பிறகு டூல்ஸ், கடைசியில் விஎம் ஹார்டுவேர். விசென்டரைத் தொடும் முன் அதன் 5480-ஆம் போர்ட்டில் நுழைந்து கோப்புவழி பேக்கப் எடுங்கள். லிங்க்டு மோடில் பல விசென்டர்கள் இருந்தால் ஒன்றை மட்டும் ஸ்நாப்ஷாட் எடுத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் அணைத்து ஒரே நேரத்தில் எடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்நாப்ஷாட்டை நீக்குங்கள். 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேர் வெகுகாலமாகச் சொல்லிவருகிறது; இருந்தும் போன வருட ஸ்நாப்ஷாட் வளர்ந்து டேட்டாஸ்டோரை நிரப்பி விஎம்களை உறைய வைப்பது நம் ஊர்த் திருவிழா மாதிரி தவறாமல் நடக்கிறது. ஹோஸ்டுக்கு வேறு வசதி இருக்கிறது: பேட்சுக்குப் பின் சரியில்லை என்றால் பூட் ஆகும்போது ஷிஃப்ட்டும் ஆரும் அழுத்தினால் மாற்று பூட் பேங்கில் இருக்கும் பழைய பில்டுக்குத் திரும்பலாம். ஏழிலிருந்து எட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு பேட்சுகளும் வெளியான தேதிகளை ஒப்பிடுங்கள். உங்கள் ஏழு, நீங்கள் போகும் எட்டைவிடப் பிந்தி வந்ததாக இருந்தால் அந்தத் தாவல் ஆதரவில் இல்லை. பழைய சிபியுக்கள் சிலவற்றை எட்டு ஏற்கவும் செய்யாது.

விசென்டர் காட்டும் பச்சை நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 2025 ஏப்ரல் 23-க்குப் பிறகு, விஎம்வேரை வாங்கிய பிராட்காம் பழைய பேட்ச் முகவரிகளை மூடிவிட்டது. உரிமம் உள்ளவர்களுக்குத் தனி டோக்கன், அதைச் சேர்த்த புதிய முகவரி. அதை மாற்றாத விசென்டர் புதிய பேட்ச் எதையும் இறக்குவதில்லை. இறக்காததால் தன் கையிலிருக்கும் பழைய பட்டியலோடு ஹோஸ்டை ஒப்பிட்டு "கம்ப்ளையன்ட்" என்று பச்சை காட்டுகிறது. மேலாளருக்குப் போகும் அறிக்கையிலும் அதே பச்சை. கடைசியாக வெற்றிகரமாக இறங்கிய தேதி எது என்று இன்றே பாருங்கள்.

ஏழாம் பதிப்புக்குப் பேட்சே வராத ஓட்டையும் உண்டு. ஆக்டிவ் டைரக்டரியில் சேர்த்த ஹோஸ்ட், 'இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயரில் யார் ஒரு குழுவை உருவாக்கினாலும் அதற்கு முழு அதிகாரம் கொடுத்துவிடும். பிணைப்பணக் கும்பல்கள் இதைப் பயன்படுத்துவதாக 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் எழுதியது. எட்டின் அப்டேட் 3-இல் சரிசெய்தார்கள். ஏழுக்குத் தரப்போவதில்லை என்றார்கள். ஏழில் இருப்பவர்கள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் கையால்தான் மாற்ற வேண்டும். 2025 மார்ச் 4-ஆம் தேதி வந்த மூன்று ஓட்டைகள் இன்னும் மோசம்: விஎம்முக்குள் நிர்வாக அதிகாரம் பிடித்தவர், அதைத் தாண்டி ஹோஸ்டுக்குள் நுழைய வழி தருபவை, அறிவிப்பு வரும் முன்பே பயன்பாட்டில் இருந்தவை. அவற்றுக்கு மாற்று வழி ஏதும் இல்லை, பேட்ச் மட்டுமே.

கோளாறு வந்துவிட்டால்? முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பர்ப்பிள் ஸ்கிரீன் வந்த ஹோஸ்டைப் பதறி ரீபூட் செய்யும் முன் திரையைக் கைபேசியில் படம் எடுங்கள். எஸ்டி கார்டில் பூட் ஆகும் ஹோஸ்ட்களில் லாக் நினைவகத்தில் மட்டும் இருக்கக்கூடும், அணைத்தால் போச்சு. எல்லா ஹோஸ்டின் லாகையும் வெளியே ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்புங்கள். விசென்டர் திடீரென்று யாரையும் உள்ளே விடாவிட்டால் நேற்றுப் போட்ட பேட்சைத் திட்டுவதற்கு முன் எஸ்டிஎஸ் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். பல நிறுவல்களில் அதன் ஆயுள் இரண்டே வருடம். காலாவதியானது தெரியாமல் ரோல்பேக் செய்து விடிய விடிய உட்கார்ந்தவர்கள் நம்மில் உண்டு. கண்டுபிடித்ததை உங்கள் டிக்கெட்டுக்குள் புதைக்காமல் பில்ட் எண்ணோடும் லாக் வரியோடும் பிற தோழர்களுக்கு அனுப்புங்கள்.

உரிம விலை, சந்தா முறை பற்றிய கோபம் எனக்கும் இருக்கிறது. அதைத் தனியே பேசுவோம். வேறு தளத்துக்கு மாறுகிறவர்கள் மாறட்டும், ஆனால் மாறும் வரை ஓடுவது இந்த ஹோஸ்ட்கள்தான்.

இந்த வாரமே, ஒவ்வொருவரும் ஒரு மாற்றக் கோரிக்கை எழுதுங்கள். ஹோஸ்ட் பெயர், இப்போதைய பில்ட், போக வேண்டிய பில்ட், பேட்ச் வெளியான தேதி, காலி செய்ய வேண்டிய இடம், திரும்பிவரும் வழி, கேட்கும் நாளும் மணியும். தனியாளாக அனுப்பாதீர்கள், ஷிஃப்ட்டில் இருக்கும் அத்தனை பேரும் பெயர் போடுங்கள். ஒப்புக்கொண்டால் அன்றிரவே வேலையைத் தொடங்குங்கள். மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் காரணத்தையும் அதே டிக்கெட்டில் எழுத வையுங்கள். ஹோஸ்ட் பேட்ச் ஆகும்வரை அந்த டிக்கெட்டை மூடாதீர்கள்.