குளோரோபாமும் பெயரில்லாத மாத்திரையும்



திருப்பூரிலும் அவிநாசியிலும் பல்லடத்திலும் நடக்கும் வீட்டுக் கூட்டங்களில் ஒரு சாட்சி அடிக்கடி சொல்லப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வலி தணிக்கும் ஊசி எதுவுமின்றி, கர்த்தருடைய பெலத்தினாலேயே பிள்ளை பெற்றேன் என்று ஒரு சகோதரி சொல்ல, சபை ஸ்தோத்திரம் செலுத்துகிறது. முதுகில் ஊசி போட்டு, அறுவைச் சிகிச்சையால் பிள்ளை பெற்ற இன்னொரு சகோதரி அதே வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். முதலாமவரின் நன்றியறிதலை நான் குறைகூறவில்லை. இரண்டாமவரைத் தலைகுனிய வைத்த உபதேசத்தை எதிர்க்கவே இதை எழுதுகிறேன். வேதனை தேவன் விதித்தது, அதைத் தணிப்பது அவிசுவாசம் என்னும் அந்த உபதேசத்துக்கு வேதத்தில் ஆதாரமில்லை.

இது புதிய வாதமும் அல்ல. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுக்க, ஜான் வாரன் ஒரு நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். அதுவரை அறுவை என்றால், நோயாளியை நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு விரைவாக அறுக்கிறார் என்பதே மருத்துவரின் திறமை. பாஸ்டனில் நடந்தது கப்பலேறி, 1847 மார்ச்சில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவ வேதனைக்குக் குளோரோபாம் கொடுத்தார். அப்போதுதான் ஆதியாகமம் 3:16 மருத்துவமனைக்குள் இழுக்கப்பட்டது.

எதிர்ப்பு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். ஆனால் சிம்சன் அதற்கென்றே தனி நூல் எழுதி விடையளித்தார். 16ஆம் வசனத்தில் ஸ்திரீக்குச் சொல்லப்பட்ட எபிரெயச் சொல்லே அடுத்த வசனத்தில் ஆதாமின் உழைப்புக்கும் வருகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் அது வேதனை என்றும் வருத்தம் என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்பதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆணின் வருத்தத்தைக் குறைக்கக் கிணற்றில் மோட்டார் வைத்தோம். முள்ளையும் களையையும் மருந்தடித்து அழித்தோம். அதை அவிசுவாசம் என்று எந்தப் போதகரும் பிரசங்கித்ததில்லை. சாபத்தின் பாதியை ஆண்கள் தங்களுக்குத் தளர்த்திக்கொண்டு, மறுபாதியைப் பெண்கள் முழுதாய்ச் சுமக்க வேண்டும் என்பது எந்த நியாயம்? ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் தேவன் அவனை ஆழ்ந்து உறங்கச் செய்தார் என்பதையும் சிம்சன் சுட்டிக்காட்டினார். 1853இல் விக்டோரியா மகாராணியே பிரசவத்தில் குளோரோபாமை ஏற்றுக்கொண்டார். (மகாராணியின் பிரசவத்துக்கு எதிராகப் பிரசங்கிப்பது எளிதல்ல.)

சிலுவையில் ஆண்டவர் வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை மறுத்தாரே என்பீர்கள். மறுத்தார், தமக்காக. பேதுருவின் மாமியாருக்கு வந்த வெறும் காய்ச்சலைக்கூட அவர் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

இன்னும் சிலர் டாக்டர் பால் பிராண்டைத் துணைக்கு அழைக்கிறார்கள். கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவையால் இயங்கவைத்தவர் அவர். வலி ஒரு ஈவு என்று எழுதியதும் உண்மை. ஏன் எழுதினார்? தொழுநோயாளிகள் விரல்களை இழந்ததற்கு உணர்ச்சியின்மையே பெருங்காரணம் என்று கண்டார். தீச்சுட்டது தெரியாது, இரவில் எலி கடித்தது தெரியாது. காவலுக்குப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார். வலி என்பது, நிறுத்து, இங்கே கவனி என்று சரீரம் அனுப்பும் ஆள். அவன் சொன்னதைக் கேட்டு, கெட்ட இடத்தைச் சீராக்கக் கத்தியோடு மருத்துவர் வந்தபின், அந்த ஆள் கூவிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பிராண்டைக் காட்டி மயக்க மருந்தைப் பழிப்பவர்கள் அவர் எழுதியதைப் பாதியோடு மூடிவைத்தவர்கள்.

மயக்க மருந்தில் ஆபத்தும் இருந்தது. 1848 ஜனவரியில் கால்நகம் எடுக்கக் குளோரோபாம் பெற்ற ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி இங்கிலாந்தில் இறந்தாள். மரணம் எப்படி நேர்கிறது என்று ஆராய, ஐதராபாத்தில் நிஜாமின் ஆதரவில் 1888இலும் 1889இலும் இரண்டு ஆணையங்கள் அமர்ந்தன. சுவாசத்தைக் கவனியுங்கள் என்பதே அங்கிருந்த எட்வர்ட் லாரியின் ஓயாத வாதம். இன்றும் அறுவை முடியும்வரை ஒரு மருத்துவர் தலைமாட்டில் இருந்து மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொடுத்த மருந்தின் பெயரும் அளவும் எழுதிவைக்கப்படுகின்றன.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை பேட்டி கண்டு 2019 ஜூனில் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னபோது, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே அவர்கள் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டிருந்தன. அதனால் உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கு மேற்பட்டோர் கூறினர்.

அந்த மாத்திரை சிம்சனின் குளோரோபாமுக்கு உறவல்ல. அங்கே வலியை அடக்கியவர் அதன் காரணத்தோடு போராடிக்கொண்டிருந்தார். இங்கே காரணம் அப்படியே இருக்க, வலி மட்டும் அடக்கப்படுகிறது. ஓய்வுக்கு எழுந்திருக்க வேண்டியவள் பவர்டேபிளிலேயே அமர்ந்திருக்கிறாள். தலைமாட்டில் நிற்பவர் பார்ப்பது மூச்சை அல்ல, பீஸ் கணக்கை. தொழுநோயாளிகளிடத்தில் பிராண்ட் கண்டு கலங்கிய உணர்ச்சியின்மையைக் கூலிக்காகச் செயற்கையாய் உண்டாக்குகிறார்கள். பிரசவ அறையில் ஊசியைப் பாவம் என்ற நாவு, ஷிப்ட் முடிய விழுங்கவைக்கும் மாத்திரையைப் பற்றி ஏன் பேசவில்லை? காணிக்கைப் பட்டியலின் மேலே பனியன் கம்பெனி முதலாளிகளின் பெயர்கள் இருப்பதாலா? முதலாளியாய் இதை வாசிக்கிற சகோதரரே, உங்கள் கம்பெனி முதலுதவிப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள்.

மற்றவர்களுக்கு: வயிற்றுவலி என்று ஜெபக்குறிப்பு கொடுக்கும் பெண்ணிடம், ஜெபிக்குமுன், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், யார் கொடுத்தார், அட்டையில் பெயர் இருந்ததா என்று மூத்த சகோதரி ஒருவரை விட்டு விசாரியுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், திங்கட்கிழமை அவளை மருந்தகத்துக்கு ஒருவர் அழைத்துச் செல்லட்டும். அரைநாள் கூலி பிடிக்கப்பட்டால், அதைச் சபையின் காணிக்கையிலிருந்து கொடுத்துவிடலாம்.