கேம்ப் முடிஞ்சாச்சு... அப்புறம்?

ஏழு நாள் என்.எஸ்.எஸ். கேம்ப்போட கடைசி ராத்திரி எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். ஆறு நாளா உப்புமாவைத் திட்டிக்கிட்டு இருந்த பய, குளத்துல ஆகாயத்தாமரை அள்ளுன அதே கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிப்பான். 'கண்டிப்பா பார்ப்போம் மக்கா!' எல்லாரும் சொல்லுவோம். தக்கலைக்காரனும் திருச்சிக்காரனும்னா ஒரு பஸ் டிக்கெட்டோட விஷயம் முடிஞ்சுது. பக்கத்துப் பாயில படுத்தவன் காத்மாண்டு, கொழும்பு, டாக்கான்னா?

அண்டை நாட்டுப் பசங்களையும் சேர்த்து நடத்துற சேவை முகாம்னா விசாவுக்கு லெட்டர், தங்குற இடம், சாப்பாடுன்னு பார்த்துக்க ஆள் இருப்பாங்க. ரெண்டாவது தடவை பார்க்கத்தான் ஸ்பான்சர் கிடையாது. சார்க் நாடுகளுக்குள்ள விசா இல்லாமப் போய்வர 1992-ல ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. மொத்தம் 24 வகை ஆளுங்களுக்கு. எம்.பி., நீதிபதி, உயர் அதிகாரி, தொழிலதிபர், பத்திரிகையாளர், விளையாட்டு வீரர்னு லிஸ்ட் போகுது. கிரிக்கெட் மட்டை பிடிச்சா ஸ்டிக்கர், மம்பட்டி பிடிச்சா க்யூ. என்ன நியாயமோ!

புலம்பி என்ன பண்ண? குமரி மாவட்டத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. விவேகானந்தரோட 150-வது பிறந்த ஆண்டை ஒட்டி 2011-ல விட்ட விவேக் எக்ஸ்பிரஸ். கன்னியாகுமரியில கிளம்பி திப்ருகர் வரை 4,000 கி.மீ.க்கு மேல ஓடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நியூ ஜல்பைகுரியில இறங்கினா போதும். பக்கத்துலயே சிலிகுரி. அங்கிருந்து பானிடங்கி ஒரு மணி நேரம். மேச்சி ஆத்துப் பாலத்தைத் தாண்டினா நேபாளத்துக் காக்கர்பிட்டா. விசா கிடையாது, வாக்காளர் அட்டை போதும். காத்மாண்டுக்கு அங்கிருந்து இன்னொரு ராத்திரி பஸ். பூடானும் சிலிகுரி வழிதான். ஆனா உள்ள போனா ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் கட்டணம் வாங்குறாங்க. நண்பனை நம்ம எல்லைப் பக்கத்து ஜெய்காவ்னுக்கு வரச் சொல்லி டீ குடிக்கிறது பர்ஸுக்கு நல்லது. வங்கதேசமும் அங்கதான் பக்கம். விசா கையில இல்லாமப் போய் நிக்காதீங்க.

உண்மையான கஷ்டம் ரொம்பப் பக்கத்துல இருக்கு. நேர்கோட்டுல பார்த்தா கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு 300 கி.மீ. கூட இல்லை. சென்னை சுமார் 630. ஆனா இலங்கைக்குக் கப்பல் ஏற ராத்திரி முழுக்க பஸ்ல போய் நாகப்பட்டினத்துல நிக்கணும்! நமக்குத் தோதா இருந்த தூத்துக்குடி - கொழும்பு கப்பல் 2011-ல சில மாசம் ஓடி நின்னுபோச்சு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, சில நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட்ல 'சிவகங்கை'யா திரும்ப வந்தது. சுமார் நாலு மணி நேரப் பயணம். மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க. விசாரிக்காமப் பையைத் தூக்காதீங்க. ஈ.டி.ஏ. அனுமதியை ஆன்லைன்ல முன்னாடியே வாங்கிடணும்.

'இவ்வளவு எதுக்கு, வாட்ஸ்அப் இருக்கே?'ன்னு எங்க ஹாஸ்டல்லயே கேட்டாங்க. 2017 நவம்பர் 30 ஞாபகம் இருக்கா? ஒக்கி புயல். இலங்கையோட தெற்கு, மேற்குக் கரையை உலுக்கிட்டுத்தான் நம்ம பக்கம் வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைன்னு எத்தனை ஊர்கள்ல ஆழ்கடலுக்குப் போனவங்க திரும்பி வரலை. அந்தப் பக்கம் காலியில ஒரு கேம்ப் தோழன் இருந்து, 'இங்க மரம் சாயுது, அங்க எப்படி?'ன்னு ஒரு போன் போட்டிருந்தா? படகுகள் ஏற்கெனவே கடல்ல இருந்தது, அதனால எல்லாம் மாறியிருக்கும்னு சொல்ல வரலை. ஆனா அப்படி ஒரு நம்பர் நம்மகிட்ட இருக்கணும். ஆபத்துல அவனுக்கு நம்ம ஞாபகம் வரணும்னா, ஒரு தடவையாவது அவன் வீட்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கணும்.

இதுக்கு முன்னோடிகள் உண்டு. வினோபா பாவே கிராம சுயராஜ்யம் வரும்வரை நடப்பேன்னு சபதம் எடுத்தது 1957 ஏப்ரல்ல, நம்ம கன்னியாகுமரியில. அடுத்த வருஷம் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன 40 மாணவர்களைக் கூட்டிட்டுக் கனதொலுவ கிராமத்துக்குப் போனார். அதுதான் சர்வோதய சிரமதான இயக்கத்தோட தொடக்கம். வினோபாவைப் பார்த்துக் கத்துக்க அவர் இந்தியாவுக்கும் வந்தார். ஆரியரத்ன 2024 ஏப்ரல்ல மறைஞ்சார். சுனாமி சமயத்துல நம்ம குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடியில தொண்டர்கள் பார்த்த வேலையைத்தான் அந்தக் கரையில சர்வோதயத் தொண்டர்களும் பார்த்தாங்க.

அதனால நண்பனைப் பார்க்கப் போனா ஃபோட்டோ எடுத்துட்டு மட்டும் வராதீங்க. அவன் இப்ப ஊர்ல என்ன வேலை இழுத்துப் போட்டிருக்கான்னு பாருங்க. டூரிஸ்ட் அனுமதியில சம்பள வேலை கூடாது, முகாம் வேலைன்னாலும் அங்குள்ள அமைப்புகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.

பாகிஸ்தான் தோழன் இருந்தா? அட்டாரி - வாகா வழியை 2025 ஏப்ரல்ல மூடிட்டாங்க. இப்போதைக்கு போன்தான்.

கடைசியா ஒரு விஷயம். மட்டிப்பழம் கொண்டு போகலாம்னு நினைக்காதீங்க, ரெண்டு மூணு நாள் ரயில்ல கறுத்துடும். நாகர்கோவில் நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கிலோ போதும். ரெண்டு கிலோவா வாங்குங்க, ஒண்ணு ரயில்லயே காலியாகும்.