பல்கலைக்கழகத்தை நம்பிய ஊரும் பலசரக்குக் கடையும்



பெயர்ப்பலகையை முதலில் மாட்டிவிட்டு, சரக்கைப் பிறகு தேடிய ஊர் ஒன்று அமெரிக்காவின் தென்பகுதியில் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்போர்டு என்பது அதன் பெயர். 1837ல் அது நகராட்சியாக அமைந்தபோது அங்கே பல்கலைக்கழகம் இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டைப் போலத் தங்களுக்கும் ஒன்று வரவேண்டும் என்ற ஆசையில் அந்தப் பெயரை வைத்தார்கள். 1841ல் மாநிலச் சட்டமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. 1848ல் 80 மாணவர்களுடன் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. இன்று அங்கே படிப்போர் இருபதாயிரத்துக்கும் மேல். ஊரின் மக்கள்தொகையோ, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 25,416 பேர்தான்.

நம் உறுப்பினர்களில் சிலர் பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவரப் போகிறவர்கள் பெருநகரங்களை மட்டும் பார்த்துத் திரும்பாமல், இதுபோன்ற கல்லூரி ஊர் ஒன்றையும் பார்த்துவருவது நல்லது. வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி ஒரு கடைத்தெரு எப்படிப் பிழைக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை நேரில் காணலாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆக்ஸ்போர்டுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. மெம்பிஸ் நகரில் விமானம் இறங்கி, சாலை வழியே சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே வரவேண்டும். ஊரின் நடுவே நீதிமன்றக் கட்டடம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் கடைகள். 'ஸ்கொயர்' என்று அழைக்கப்படும் இந்தச் சதுக்கம்தான் அவர்களின் கடைவீதி. 1864ல் உள்நாட்டுப் போரின்போது வடபடையினர் இதற்குத் தீ வைத்தார்கள். சாம்பலிலிருந்து மீண்டும் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது.

அங்கே 1839ல் தொடங்கப்பட்ட நீல்சன்ஸ் என்ற துணிமணிக் கடை இருக்கிறது. பல்கலைக்கழகத்தையும்விட மூத்த கடை. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் இந்த ஊரில் வாழ்ந்தவர். 1949ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற அவருக்கு இந்தக் கடையில் பற்று இருந்தது. பாக்கி கேட்ட கடைக்கு அவர் எழுதிய பதில் கடிதத்தைக் கடைக்காரர்கள் கண்ணாடி போட்டுப் பாதுகாத்து வைத்தார்கள். வராத பணம் விளம்பரமாகத் திரும்பிவந்த கதை இது! அதே சதுக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர், ஃபாக்னரின் கையெழுத்துப் பிரதிகளைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்ப உதவியிருக்கிறார். ஊர்க் கடைக்காரர் செய்கிற இப்படிப்பட்ட உதவிகள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஆனால் மக்கள் மறப்பதும் இல்லை.

1979ல் தொடங்கப்பட்ட ஸ்கொயர் புக்ஸ் என்ற புத்தகக் கடையையும் பார்க்கவேண்டும். பெரிய சங்கிலிக் கடைகளும் பின்னர் இணைய வியாபாரமும் எத்தனையோ புத்தகக் கடைகளை மூடவைத்த காலத்தில், இந்தக் கடை அதே சதுக்கத்தில் கிளை பரப்பியது. அதன் உரிமையாளர் ரிச்சர்டு ஹோவர்த் 2001 முதல் 2009 வரை ஊரின் மேயராகவும் இருந்தார். கடைக்காரர் ஊர்ப் பொறுப்பை ஏற்பது அங்கே புதுமையல்ல.

இனி வியாபாரத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். அமெரிக்கக் கால்பந்தாட்டம் அந்த ஊருக்குத் திருவிழா. ஆண்டுக்கு ஏழு ஆட்டங்கள் போல உள்ளூரில் நடக்கும். மைதானத்தில் சுமார் 64,000 பேர் அமரலாம். அதாவது, ஊர் மக்கள்தொகையைப்போல இரண்டரை மடங்கு! 'குரோவ்' எனப்படும் மரத்தோப்பில் கூடாரம் போட்டு, குடும்பம் குடும்பமாக விருந்து வைக்கிறார்கள். அந்த வாரங்களில் விடுதி அறைக்கு வாடகை பல மடங்கு ஏறும். கோடை விடுமுறையிலோ மாணவர்கள் ஊருக்குப் போய்விடக் கடைகளில் கூட்டம் குறைந்துவிடும். ஆகவே பார்க்கப் போகிறவர்கள் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு நாள் குறிப்பது நல்லது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஏழு நாள் கூட்டத்தைப் பார்த்து ஒரு கடைத்தெருவின் வாடகையை நிர்ணயித்தால், மீதி நாட்களுக்கான கடைகள் அங்கே நிற்கமுடியாது. ஆக்ஸ்போர்டு சதுக்கத்தில் 'சிட்டி குரோசரி' என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். மளிகைக் கடை என்று நம்மவர் உள்ளே நுழைந்தால் ஏமாந்துபோவார். அது 1992ல் தொடங்கிய புகழ்பெற்ற உணவகம். சில மைல் தெற்கே உள்ள டெய்லர் என்ற சிற்றூரில் 'டெய்லர் குரோசரி' இருக்கிறது. அது உண்மையாகவே பழைய பலசரக்குக் கடைதான். இப்போது கெளுத்தி மீன் வறுவலுக்குப் பேர்போன இடம். பெயரில் மளிகை இருக்கிறது. அலமாரியில் பருப்பும் சர்க்கரையும் இல்லை. அன்றாடச் சாமான் வாங்க மக்கள் காரை எடுத்துக்கொண்டு ஊரின் புறத்தே உள்ள பேரங்காடிகளுக்குப் போகிறார்கள். வீட்டு வாடகையும் ஏறிவிட்டதால், அந்த உணவகங்களிலும் கடைகளிலும் வேலை செய்வோர் பலர் பக்கத்து ஊர்களில் குடியிருந்து வந்துபோகிறார்கள்.

உணவகங்களைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. குஜராத்தில் பிறந்த விஷ்வேஷ் பட் இந்த ஊர் உணவகத்தில் சமைத்தே 2019ல் தென்பகுதியின் சிறந்த சமையல் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்டு விருதைப் பெற்றார். நம் நாட்டு மசாலாவுக்கு அங்கே கிடைத்த மரியாதை அது. ஆனால் விருந்தாளிக்கு மட்டுமே கடை, குடியிருப்பவனுக்கு இல்லை என்ற நிலை வந்தால், அது கடைவீதி அல்ல, கண்காட்சி.

வரி விஷயத்திலும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மிசிசிப்பியில் பொதுவான விற்பனை வரி 7 சதவீதம். அரிசி, ரொட்டி போன்ற மளிகைப் பொருட்களுக்கும் நெடுங்காலம் அதே 7 சதவீதம்தான். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்துதான் மளிகைக்கு 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏழையின் சமையலறையில் வரி போடுவது தவறு என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. ஆனால் ஒரு நல்ல ஏற்பாடும் அங்கே உண்டு. நகராட்சி எல்லைக்குள் வசூலாகும் பொது விற்பனை வரியில் 18.5 சதவீதத்தை மாநில அரசு அந்த நகராட்சிக்கே திருப்பித் தருகிறது. உள்ளூர்க் கடையில் விற்பனை கூடினால் உள்ளூர்ச் சாலைக்கும் பணம் வரும். கடைக்காரரும் நகராட்சியும் ஒரே கல்லாவைப் பார்த்து நிற்கிறார்கள். நாம் கேட்டுப் பெறவேண்டிய ஏற்பாடு இது என்பது என் எண்ணம்.

அந்த ஊரின் கறையையும் மறைக்கக்கூடாது. 1962ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது பெருங்கலவரம் மூண்டு இருவர் உயிரிழந்தனர், ராணுவம் வரவேண்டியதாயிற்று. 2006ல் அதே வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கதவை எல்லோருக்கும் திறந்துவைக்காத ஊர் எதை இழக்கும் என்பதற்கு அந்தச் சிலையே சாட்சி. கடைக்கும் அதே நியாயம்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: கார் ஏற்பாடு அவசியம். ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் இதமானவை. கோடையில் நம் ஊர்ப் புழுக்கம்தான். ஃபாக்னர் 1930ல் வாங்கிய 'ரோவன் ஓக்' வீட்டைப் பாருங்கள். தன் நாவல் ஒன்றின் திட்டத்தை அறைச் சுவரிலேயே அவர் எழுதிவைத்திருக்கிறார். மாலையில் சதுக்கத்தை ஒரு சுற்று நடந்து, எந்தக் கடையில் உள்ளூர்க்காரர் நுழைகிறார், எந்தக் கடையில் வெளியூர்க்காரர் மட்டும் நுழைகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் நம் கடைவீதியிலும் அதே கணக்கை எடுத்துப் பார்ப்போம். திருவிழாக் கூட்டம் வரும், போகும். மாதாமாதம் பட்டியலோடு வருகிற வாடிக்கையாளர்தான் நம் கடைக்குக் கூரை. அவரை இழந்துவிட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் காப்பாற்றி என்ன பயன்?