மாறிய வரியை மட்டும் மாற்றுங்கள்

மொபைலில் ஒரு நீண்ட விலைப்பட்டியலைத் தள்ளிக்கொண்டே போகிறோம். பாதி வழியில் ஒரு வரியில் கண் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு பொருளின் விலை மாறுகிறது. திரை ஒருமுறை வெளுத்து, பட்டியல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மாறியது ஒரு விலை. அதற்காக நாம் படித்துக்கொண்டிருந்த இடமே போய்விட்டது.

பல ஆப்களில் இன்றும் இது நடக்கிறது. எது மாறியது என்று பார்க்காமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வரைவது புரோகிராமருக்கு ஒரு நிமிட வேலை. அந்தச் சுலபத்துக்கான விலையைப் பயன்படுத்துகிறவர் கொடுக்கிறார்.

இரண்டு பட்டியல்களுக்குள் வித்தியாசம் கண்டுபிடிக்கும் வித்தை பழையது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் அதற்கான ‘டிஃப்’ என்ற கட்டளை 1970களிலேயே வந்துவிட்டது. யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட வழிமுறையைத்தான் ஆண்ட்ராய்டின் ‘டிஃப்யூட்டில்’ என்ற கருவி பயன்படுத்துகிறது. ஐபோனுக்கு இதே வசதி 2019இல், ஐஓஎஸ் 13உடன் வந்தது. திரைகளை வரைய உதவும் ரியாக்ட் என்ற நிரல் நூலகம் 2013இல் வெளியானது; அது வேறு வழியில் போனது. திரையின் இரண்டு நிலைகளைத் துல்லியமாக ஒப்பிடுவதென்றால், ஆயிரம் உறுப்புகளுக்கே நூறு கோடி ஒப்பீடுகள் வரை தேவைப்படலாம். அதனால் ரியாக்ட் புரோகிராமரிடம் ஓர் உதவி கேட்கிறது: ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஓர் அடையாளம் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அடையாளத்துக்குப் பெயர் ‘கீ’.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வரியின் வரிசை எண்ணையே கீயாகக் கொடுத்துவிடுகிறார்கள். தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் என்று மூன்று வரிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை கிலோ என்று டைப் செய்ய ஒரு கட்டம். தக்காளிக்கு 2, வெங்காயத்துக்கு 5 என்று போட்டுவிட்டுத் தக்காளியை நீக்குகிறோம். வெங்காயம் முதல் வரிக்கு வருகிறது. ஆனால் கட்டத்தில் டைப் செய்ததை ஆப் தன் கணக்கில் வைத்திருக்காவிட்டால், முதல் வரியின் கட்டத்தில் பழைய 2 அப்படியே நிற்கும். 5 கிலோ கேட்டவருக்கு 2 கிலோ! ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் போனால் நம் இடம் மாறும், கார்டு எண் மாறாது. கீ என்பது கார்டு எண்ணாக இருக்க வேண்டும்.

கண் தெரியாதவர்களுக்கு இந்த அலட்சியம் இன்னும் கொடுமை. திரைவாசிப்பான் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டும்போது பட்டியலை அழித்து வரைந்தால், அது நின்றிருந்த வரியே இல்லாமல் போகலாம். அவர் மறுபடி மேலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். நமக்கு ஒரு தடவை தள்ளினால் தீர்கிற வேலை, அவருக்குப் பல நிமிடங்கள்.

ஆப் எழுதும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் சொந்த எண்ணையே கீயாகக் கொடுங்கள். மாறிய வரியை மட்டும் தொடுங்கள். புதிதாக வந்தவற்றை, படித்துக்கொண்டிருப்பவரின் தலைக்கு மேல் திணிக்காதீர்கள்; ‘புதியவை 5’ என்று ஒரு பொத்தான் காட்டுங்கள், வேண்டும்போது அவரே தொடட்டும். சோதிக்கும்போது பட்டியலின் உச்சியில் நின்று பார்க்காதீர்கள். நடுவில் நின்று, கட்டத்தில் பாதி டைப் செய்த நிலையில், திரைவாசிப்பானையும் போட்டுப் பாருங்கள். அங்கே தாங்கினால்தான் அது நல்ல ஆப்.