பிரம்பும் பூங்காவும்

மென்மையை வலியற்றோரின் குணமென்று கருதும் வழக்கம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. உரத்துப் பேசுவோன் தலைவன். அடித்துப் படிப்பிப்போன் நல்லாசான். பொறுத்துப் போவோனோ "பாவம், சாது மனிதன்". இக்கணக்குத் தவறானது என்பதே நமது கருத்து. அதனை நிறுவுதற்கு வேற்று நாட்டு ஞானிகளைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையே போதிய சான்று தருகின்றது.

1990 ஆம் ஆண்டை இக்கரை மக்கள் மறந்திலர். ஓகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். செப்டெம்பர் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், பச்சிளங் குழந்தைகள் உட்பட, படுகொலை செய்யப்பட்டனர். வயலிலும் சந்தையிலும் தலைமுறை தலைமுறையாக ஒன்றுகூடிய இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் அஞ்சி வாழலாயினர். அச்சத்தைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் முதுசமாகப் பெற்றனர்.

போர் ஓயாத அந்நாளில், 1996 இல், மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவியாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன் அவர்களும் அதற்கு முன்னின்றனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கு ஒன்றாக வந்தனர். களிமண் பிசைந்தனர், வண்ணந் தீட்டினர், கதை புனைந்தனர், ஆடினர், பாடினர். அவர்களை வழிநடத்தியோர் இப்பகுதி இளைஞரே. அவர்களிற் பலர் தாமும் போரினால் அடிபட்டவர்கள் என்பதை ஈண்டு அழுத்திக் கூற விரும்புகிறோம்.

இது வெறும் விளையாட்டுத்தானே என்பாரும் உளர். சோதனைச் சாவடிகள் மலிந்த நகரில், மறு சமூகத்துப் பிள்ளையின் அருகே தன் பிள்ளையை அமர்த்துதற்கு ஒரு தாய்க்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! சினங்கொள்ள ஒரு கணம் போதும். சினத்துக்கு முழு நியாயமும் உடைய இளைஞன் ஒருவன் அதனை அடக்கி, அஞ்சி ஒதுங்கும் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து, அது தானாக வாய் திறக்கும் வரை மாதக்கணக்காகக் காத்திருப்பதென்றால், அது கோழையால் ஆகக்கூடிய காரியமா? பூங்கா போரை நிறுத்தியதென்று நாம் கூறவில்லை. போர் 2009 வரை நீடித்தது. ஆயினும் துவக்கு ஏந்தியோரால் செய்யவியலாத ஒன்றை அவ்விளைஞர்கள் செய்தனர்.

இப்பொழுது நமது பாடசாலைகளை நோக்குவோம். பூங்காவுக்கு வந்தோரிற் பலர் மனத்தில் ஆறாத காயம் பட்ட பிள்ளைகள். அவர்களையே அன்பினால் அணுக முடிந்ததெனின், அமைதிக் காலத்துப் பிள்ளைக்குப் பிரம்பு எதற்கு? பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விடுத்தது. ஆசிரியர் அறைந்தமையால் ஒரு காதின் கேட்கும் திறனை இழந்த மாணவனுக்கு இழப்பீடு வழங்குமாறு 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் பிரம்பு மறையவில்லை.

பழியை ஆசிரியர் மீது மட்டும் சுமத்துதல் நீதியன்று. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், வாத்தியார்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைப்போர் நாமல்லவோ? படுவான்கரையில் எருமை வளர்ப்போர் இதனை நன்கறிவர்: மிரண்ட எருமை பாலை அடக்கிக்கொள்ளும். முதுகில் தட்டிக்கொடுத்துக் கறப்பவன் கையிலேதான் முட்டி நிறையும். மாட்டிடம் காட்டும் இந்தப் பக்குவத்தைப் பிள்ளையிடம் காட்டினால் மட்டும் "செல்லங் கொடுத்துக் கெடுக்கிறான்" என்று ஊர் ஏசுகிறது. விந்தைதான்!

நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், கடுஞ்சொல்லும் இன்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்துவது எளிதன்று. அதற்குப் பயிற்சி வேண்டும். ஆசிரியர்க்கு அப்பயிற்சியை அளிப்பது வலயக் கல்வி அலுவலகங்களின் பொறுப்பு. அவை சுற்றறிக்கையைக் கோப்பில் உறங்கவிட்டது போதும். அதிபர்மார் அலுமாரிப் பிரம்பை அகற்றட்டும். கமக்காரப் பெருமக்களோ, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்கள் பிள்ளைகளை அடியாமல் படிப்பியுங்கள்" என்று வெளிப்படையாகக் கேட்கட்டும்.